ஊசிக்கு முன்னாடி ரெண்டு காலை, தம்பி

நேத்து ராத்திரி நீ வாட்ஸ்அப்ல அனுப்பின ரிப்போர்ட்டைப் பார்த்துட்டேன். டெஸ்டோஸ்டிரோன் 288. பக்கத்துல சிவப்பு அம்புக்குறி. கூடவே அந்த கிளினிக் கொடுத்த பேக்கேஜ் தாள்: ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, ஆறு மாசம். அசதி போகும், தொப்பை கரையும், எலும்பு கெட்டிப்படும், சுகர் தள்ளிப்போகும், ஞாபகசக்தி கூடும்னு வரிசையா அஞ்சு வாக்கு. இதைப் போய் அக்காகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நீ நாலு நாள் தயங்கினதா உன் வீட்டுக்காரி சொன்னா. 22 வருஷமா லேப்ல ரத்தம் எடுத்துட்டு இருக்கேன்டா. உன் வயசுப் பசங்க எத்தனை பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இந்த டெஸ்ட்டுக்குக் கையை நீட்டறாங்கன்னு தினம் பார்க்கறேன். நீ கேட்டதுல எனக்கு சந்தோஷம்.

நான் டாக்டர் இல்ல. மருந்து எழுதறது அவங்க வேலை. ஆனா ஒரு நம்பர் எப்படி வருது, எங்க தப்பு பண்ணும்னு தெரியும். அத்தானுக்கும் இதே பேச்சு வந்தப்போ ஆராய்ச்சிக் கட்டுரைகளை உக்காந்து படிச்சேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதை உனக்குச் சொல்றேன்.

முதல்ல கடிகாரத்தைப் பாரு

உன் ரிப்போர்ட்ல என் கண்ணுல முதல்ல பட்டது சாம்பிள் எடுத்த நேரம்தான். மாலை 4.10. சாப்பிட்டியான்னு கேட்டா, மத்தியானம் பிரியாணி, அப்புறம் டீ பிஸ்கட்டுங்கறே. முந்தின ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு நாலு மணி நேரம்தான் தூங்கியிருக்கே. இப்படி எடுத்த ரத்தத்தை வச்சு உனக்கு ஹார்மோன் குறைச்சல்னு யாராலயும் சொல்ல முடியாது.

டெஸ்டோஸ்டிரோன் காலையில உச்சத்துல இருக்கும், சாயங்காலம் இறங்கும். இளவயசுல இந்த ஏத்த இறக்கம் இன்னும் அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வச்சுப் பார்த்த ஒரு ஆராய்ச்சியில அளவு சுமார் 25 சதவீதம் சரிஞ்சிருக்கு. தூக்கமும் முக்கியமான விஷயம். 2011-ல சிகாகோவுல 10 ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க. பகல் நேர அளவு 10-லிருந்து 15 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நீ அந்த அஞ்சு மணி நேரமும் தூங்கல.

அதனால டெஸ்ட்டுன்னா காலையில, வெறும் வயித்துல, ரெண்டு வேற வேற நாள்ல எடுக்கணும். காய்ச்சல் வந்து எழுந்த வாரத்துல எடுக்கக் கூடாது. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தும் எடுக்கக் கூடாது. இது என் கண்டிஷன் இல்ல, அமெரிக்காவோட எண்டோக்ரைன் சொசைட்டி 2018-ல வெளியிட்ட வழிகாட்டுதலே இதைத்தான் சொல்லுது: அறிகுறி இருக்கணும், அதோட காலை நேர அளவு திரும்பத் திரும்பக் குறைவா இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் வியாதி.

அத்தானுக்கு நடந்ததைக் கேளு. ரெண்டு வருஷம் முன்னாடி, அவருக்கு 54. சாப்பாட்டுக்குப் பிறகு மூணு மணிக்கு ஒரு இடத்துல ரத்தம் எடுத்தாங்க. 262. அன்னைக்கே ஊசி ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க. மனுஷன் அப்படியே ஒடுங்கிப் போயிட்டார், ஆம்பளைங்கறதே கேள்வியாயிட்ட மாதிரி. நான் காலையில எட்டு மணிக்கு வெறும் வயித்துல எடுத்தேன்: 395. மூணு வாரம் கழிச்சு: 410. அப்போ அந்த அசதி? அது நிஜம்தான். குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்திருக்கு. ஸ்லீப் ஸ்டடி பண்ணி, ராத்திரி முகத்துல மாட்டற சிபாப் மெஷின் வச்சதும் மூணு மாசத்துல பகல் தூக்கம் போச்சு. ஊசி போட்டிருந்தா காரணத்தைத் தேடியே இருக்க மாட்டோம். அதோட தூக்கத்துல மூச்சு நிக்கற தொந்தரவு கடுமையா இருந்து வைத்தியம் பண்ணாம விட்டவங்களுக்கு இந்த ஹார்மோனை ஆரம்பிக்கவே வேண்டாம்னு அதே வழிகாட்டுதல் சொல்லுது.

288 எந்தப் பக்கம்?

அமெரிக்க யூராலஜி சங்கம் 300-க்குக் கீழ இருந்தா குறைவுங்குது. எண்டோக்ரைன் சொசைட்டி சொல்ற கீழ்க்கோடு 264. அது உடம்பு பருமன் இல்லாத 19-லிருந்து 39 வயசு ஆம்பளைங்களை அளந்து போட்ட கோடு. உன் 288 ஒரு சங்கத்துக்குக் குறைவு, இன்னொரு சங்கத்துக்கு நார்மல். பெரிய டாக்டர்களுக்குள்ளேயே கோடு எங்கங்கறதுல ஒத்த கருத்து இல்லாதப்போ, ஒரு சிவப்பு அம்புக்குறியைப் பார்த்து நீ கலங்க வேண்டியதில்லடா.

இன்னொண்ணு. நீ இப்போ 92 கிலோ. எடை கூடினா எஸ்ஹெச்பிஜின்னு ரத்தத்துல ஹார்மோனைச் சுமக்கற புரதம் குறையும். அப்போ மொத்த அளவு குறைவாத் தெரியும், உடம்புக்குக் கிடைக்கற அளவு சரியாவே இருக்கலாம். அதனால ரெண்டாவது டெஸ்ட்ல எஸ்ஹெச்பிஜியும் சேர்த்துக் கேளு. எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ப்ரோலாக்டின், டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபினும் வேணும். குறை விதைப்பையிலயா, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியிலயான்னு எல்ஹெச்தான் காட்டிக் கொடுக்கும். இதைப் பார்க்காம ஊசியை எடுக்கறவங்ககிட்ட போகாதே.

ஐரோப்பாவுல எட்டு நகரங்கள்ல 40-லிருந்து 79 வயசு வரைக்கும் 3,369 ஆம்பளைங்களை ஆராய்ஞ்சு 2010-ல ஒரு கட்டுரை வந்துச்சு. அறிகுறியும் நம்பரும் சேர்ந்து நிஜமாவே குறைபாடு இருந்தவங்க 2.1 சதவீதம். அசதின்னு சொல்றவங்களும் எரிச்சல் வருதுன்னு சொல்றவங்களும் அதைவிட எவ்வளவோ பேர். அசதிக்கும் இந்த ஹார்மோனுக்கும் உள்ள முடிச்சு விளம்பரத்துல தெரியற அளவுக்கு இறுக்கமானது இல்ல.

மூட்டையை அவிழ்த்துப் பாரு

அஞ்சு வாக்கையும் ஒரே மூட்டையாக் கட்டிக் கொடுத்திருக்காங்க. நான் உனக்குச் சொல்ற முக்கியமான டிப்ஸ் இதுதான்: ஒவ்வொண்ணையும் தனியா எடுத்து, யாருக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, எதோட ஒப்பிட்டாங்கன்னு கேளு.

அசதி. அமெரிக்காவுல 12 இடங்கள்ல 65 வயசு தாண்டின 790 பேருக்கு ஒரு வருஷம், பாதிப் பேருக்கு மருந்து ஜெல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஜெல் கொடுத்துப் பார்த்தாங்க. 2016-ல முடிவு வந்துச்சு. எல்லாருக்கும் அளவு 275-க்குக் கீழ. அந்த 790 பேரைக் கண்டுபிடிக்க 51,085 பேரை அலசினாங்கன்னா பார்த்துக்கோ. தெம்புங்கற கணக்குல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. மனசு கொஞ்சம் லேசாச்சு. தாம்பத்திய ஆசை கூடினது நிஜம், ஆனா மிதமா, அதுவும் வருஷக் கடைசியில தேய்ஞ்சுட்டே வந்துச்சு.

ஞாபகசக்தி. அதே ஆராய்ச்சியோட இன்னொரு பகுதி 2017-ல வந்துச்சு. ஒரு பலனும் இல்ல. இதை நம்பிப் பணம் கட்டாதே.

எலும்பு. இதுலதான் நான் ரொம்ப நேரம் நின்னேன். அந்த 790 பேர்ல ஸ்கேன் எடுத்துப் பார்த்தவங்களுக்கு எலும்போட அடர்த்தி கூடியிருந்துச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. அப்புறம் டிராவர்ஸ்னு 5,200-க்கு மேல ஆம்பளைங்களை வச்சு நடந்த பெரிய ஆராய்ச்சியில, 2024-ல வந்த கணக்குப்படி, எலும்பு முறிஞ்சவங்க மருந்துக் குழுவுல 3.5 சதவீதம், வெறும் ஜெல் குழுவுல 2.46. மருந்து எடுத்தவங்களுக்குத்தான் அதிகம். ஸ்கேன்ல நம்பர் நல்லா வர்றது வேற, மனுஷன் கை கால் உடையாம இருக்கறது வேற. எந்த மருந்தைப் பத்தி யார் பேசினாலும் இந்த ரெண்டுல எதைச் சொல்றாங்கன்னு கேட்டுக்கோ.

சுகர். இங்க அந்தப் பக்கம் பேசறவங்களுக்கும் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவுல 50-லிருந்து 74 வயசு வரை, எடை கூடுதலான 1,007 பேர்ல பாதிப் பேருக்கு ரெண்டு வருஷம் மருந்து ஊசி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போட்டாங்க. எல்லாருக்குமே சாப்பாடு, உடற்பயிற்சித் திட்டமும் இருந்துச்சு. முடிவுல சுகர் இருந்தவங்க மருந்துக் குழுவுல 12 சதவீதம், மத்தவங்கள்ல 21. நல்ல பலன்தான். ஆனா மருந்து ஊசி போட்டவங்கள்ல 22 சதவீதம் பேருக்கு ரத்தம் கெட்டியாகி, அதைக் காட்டற பிசிவி அளவு 54-ஐத் தொட்டுச்சு, மத்தவங்களுக்கு 1 சதவீதம். டிராவர்ஸ்ல ப்ரீ-டயபடிஸ் இருந்தவங்களுக்கு அந்தப் பலனும் வரல.

தொப்பை. கொழுப்பு கொஞ்சம் குறையும், தசை கொஞ்சம் கூடும். எடை அப்படியேதான் இருக்கும்.

அந்தப் பெரிய ஆராய்ச்சிகள்ல கலந்துக்கிட்டவங்களோட வயசைத் திரும்பப் பாரு: 65-க்கு மேல, 50-க்கு மேல, டிராவர்ஸ்ல 45-க்கு மேல. உனக்கு 38. ராத்திரி வேலை பார்த்துட்டு சாயங்காலம் நாலு மணிக்கு ரத்தம் கொடுத்த பையனைப் பத்தி அந்த மூணும் பேசல. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2020-ல சொன்னதும் இதுக்குப் பொருந்தும்: வயசாகி அளவு குறைஞ்சவங்கள்ல தாம்பத்தியக் குறைக்கு மட்டும் இதைப் பேசலாம், தெம்புக்கும் ஞாபகத்துக்கும் கொடுக்காதீங்க, ஒரு வருஷத்துக்குள்ள பலன் இல்லேன்னா நிறுத்துங்கன்னு.

இதயத்தைப் பத்தின சண்டை

உன் ஃப்ரெண்டு அனுப்பின வீடியோவுல பேசறவர், "ஹார்ட் அட்டாக் வரும்னு சும்மா பயமுறுத்தினாங்க, எல்லாம் பொய்னு நிரூபிச்சாச்சு"ங்கறார். பாதி சரி. 2010-ல, நடக்கக் கஷ்டப்படற வயசானவங்க 209 பேரை வச்சு நடந்த ஒரு ஆராய்ச்சியை, இதயத் தொந்தரவு மருந்துக் குழுவுல அதிகமானதால பாதியிலயே நிறுத்தினாங்க. 2013, 2014-லயும் பழைய பதிவுகளை அலசி அபாயம்னு சொன்ன கட்டுரைகள் வந்துச்சு. 2015-ல அமெரிக்க எஃப்டிஏ மருந்து லேபிள்ல எச்சரிக்கை போடச் சொல்லி, பெரிய ஆராய்ச்சி நடத்தியாகணும்னு கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு. அப்படி வந்ததுதான் டிராவர்ஸ். 2023-ல முடிவு: மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு சேர்ந்து மருந்துக் குழுவுல 7.0 சதவீதம், வெறும் ஜெல்லுக்கு 7.3. பயம் அந்த அளவுக்கு உண்மையாகல. ப்ராஸ்டேட் கேன்சரும் கூடல. 2025-ல அந்த மாரடைப்பு எச்சரிக்கையை எடுத்துட்டு, ரத்த அழுத்தம் கூடும்னு எச்சரிக்கை சேர்த்தாங்க.

வீடியோக்காரர் விட்டுட்ட மிச்சம் அதே கட்டுரையிலதான் இருக்கு. இதயத் துடிப்பு தாறுமாறாகற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நுரையீரல்ல ரத்தக் கட்டி, திடீர் கிட்னி பாதிப்பு, மூணுமே மருந்துக் குழுவுல கூடுதல். பாதிக்கு மேல மருந்தை நடுவுலயே விட்டுட்டாங்க, அதனால இத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்புன்னு அதை வச்சு சத்தியம் பண்ண முடியாது. ஒருத்தர் ஒரு கட்டுரையைக் காட்டினா, அதுல அவர் சொல்லாத பாதியையும் படிச்சுக் காட்டச் சொல்லு.

"எனக்கு வேலை செஞ்சுது"ன்னா?

1889-ல பாரிஸ்ல பிரவுன்-செக்கார்னு பெரிய விஞ்ஞானி, 72 வயசு, நாய், கினிப் பன்றியோட விதைப்பைச் சாறைத் தனக்கே ஊசி போட்டுக்கிட்டு, வாலிபம் திரும்பிடுச்சுன்னு சபையில அறிவிச்சார். அவர் தண்ணியில எடுத்த சாறு அது. டெஸ்டோஸ்டிரோன் தண்ணியில கரையறதே அபூர்வம். 1935-ல ஆம்ஸ்டர்டாம்ல அதை முதல்ல பிரிச்செடுத்தப்போ 100 கிலோ காளை விதைப்பையிலிருந்து கிடைச்சது 10 மில்லிகிராம். அவர் ஊசியில மருந்துன்னு ஒண்ணுமே இருந்திருக்காது, ஆனா அவருக்குத் தெம்பு வந்தது பொய் இல்ல. நம்பிக்கைக்கு அந்த பலம் உண்டு. அதனாலதான் வெறும் ஜெல்லோட ஒப்பிட்டுப் பார்க்கணும்ங்கறது. தனக்கு வேலை செஞ்சுதுன்னு சொல்ற உன் ஃப்ரெண்டு பொய் சொல்றார்னு நான் சொல்லல. அவரோட அனுபவம் உனக்குச் சான்று ஆகாது, அவ்வளவுதான்.

இதைக் கேக்காம விட்டுடாதே

இப்போ நான் பயப்படற விஷயத்துக்கு வர்றேன். நீங்க ரெண்டாவது குழந்தைக்குப் பார்த்துட்டு இருக்கீங்க. அந்த கிளினிக்ல யாராவது அதைக் கேட்டாங்களா? கேக்கலேன்னே. எனக்கு நெஞ்சு பதறிடுச்சு.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தா, போதுமான சரக்கு இருக்குன்னு மூளை நினைச்சுக்கும். விதைப்பைக்கு ஆணையாப் போற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ரெண்டையும் அனுப்பறதை நிறுத்திடும். விந்தணு உருவாக, விதைப்பைக்குள்ள ரத்தத்துல இருக்கறதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேணும். அதை விதைப்பைதான் தயாரிக்கணும், ஊசி கொண்டு போய்க் கொடுக்காது. ஆணையே வராததால அது சுருங்கும், விந்தணு நின்னுடும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆம்பளைங்களுக்கான கருத்தடையாச் சோதிச்சுப் பார்த்திருக்கு. 1990-ல வந்த கட்டுரையில, வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்ட 271 பேர்ல 157 பேருக்கு விந்தணு ஒண்ணுகூட இல்லாமப் போச்சு. கருத்தடைக்குச் சோதிச்ச மருந்தை, குழந்தைக்கு ஏங்கற ஆளுக்கு ஆண்மைக்குன்னு போடறாங்க.

எங்க லேப்ல ஒரு பையன், 31 வயசு, ஜிம் உடம்பு. சிமென் அனாலிசிஸ்ல கவுண்ட் பூஜ்யம். அவன் பொண்டாட்டிக்கு ரெண்டு வருஷமா ஸ்கேன், கருக்குழாயைப் பார்க்கற ஹெச்எஸ்ஜி, மாத்திரை, கோயில் எல்லாம் ஆச்சு. மாமியார் பேச்சையும் அவதான் தாங்கினா. ஊசி ஏதாவது போடறியாப்பான்னு நான் கேட்டப்பதான் ஜிம்ல போட்ட கதை வந்துச்சு. டாக்டர் நிறுத்தச் சொல்லி, எட்டு மாசம் கழிச்சு கவுண்ட் எட்டிப் பார்த்துச்சு. பெரும்பாலானவங்களுக்குத் திரும்பி வரும், ஆனா மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு ஆகும். அந்தப் பொண்ணு பட்ட பாட்டை யாரும் திருப்பிக் கொடுக்கல. குழந்தை வேணும்னா இந்த ஹார்மோனை நேரா எடுக்கவே கூடாது. நிஜமாவே குறைபாடு இருந்தாலும், விதைப்பையையே வேலை செய்ய வைக்கற வேற மருந்து உண்டு, எண்டோகிரைனாலஜிஸ்ட்கிட்ட கேக்கணும். ஜிம்ல யாராவது சஸ்டனான், டெக்கான்னு பேர் சொல்லி நீட்டினா கையால கூடத் தொடாதே. அதெல்லாம் டாக்டர் சீட்டில்லாம விக்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்து.

ஜெல்லா எடுக்கறவங்களுக்கு ஒண்ணு: தடவின தோள் மேல குழந்தை படுத்தா அதுக்கும் ஒட்டும். சின்னக் குழந்தைங்களுக்கு வயசுக்கு மீறின மாற்றம் வந்ததால 2009-லயே அமெரிக்காவுல டப்பா மேல எச்சரிக்கை போட வச்சாங்க.

தேவைப்படறவங்களுக்கு வேணும்

ஒரு 19 வயசுப் பையன், மீசை அரும்பல, குரல் உடையல, வெக்கத்துல காலேஜை விட்டுட்டான். அளவு ரொம்பக் குறைவு, எல்ஹெச் உச்சத்துல. குரோமோசோம் டெஸ்ட்ல க்ளைன்ஃபெல்டர்ங்கற பிறவிக் கோளாறுன்னு தெரிஞ்சுது. வைத்தியம் ஆரம்பிச்சு ஒரு வருஷம் கழிச்சு வந்து நின்னான், எனக்கு அடையாளமே தெரியல. பிட்யூட்டரியில கட்டி, பொன்னுக்கு வீங்கி விதைப்பைக்கு இறங்கினது, கீமோதெரபி, இப்படிக் காரணம் தெரிஞ்சவங்களுக்கு இந்த மருந்து வாழ்க்கையையே திருப்பிக் கொடுக்கும். அவங்களை யாரும் பயமுறுத்தி நிறுத்த வைக்கக் கூடாது. எடுக்கறவங்க மூணு மாசம், ஆறு மாசத்துல பிசிவி பார்க்கணும், 54-ஐத் தாண்டினா மருந்தை நிறுத்தி டாக்டரைப் பார்க்கணும். வயசுக்கு ஏத்த மாதிரி ப்ராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ டெஸ்ட்டும் பார்க்கணும்.

உன் விஷயத்துல, எடை குறைஞ்சாலே இந்த நம்பர் தானா ஏறும். அதுக்குப் பக்கவிளைவு இல்ல, விந்தணுவும் நிக்காது. ராத்திரி ஷிஃப்ட்டை மாத்த முடியுமான்னு மேனேஜர்கிட்ட கேளு. குறட்டை விடறியான்னு உன் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், விடறியாம். அதையும் பார்க்கணும். கிளினிக்ல கட்டின அட்வான்ஸ் போனாப் போகட்டும்.

அடுத்த வாரம் பகல் ஷிஃப்ட்னு சொன்னேல்ல. அஞ்சு ராத்திரி பத்தரைக்கெல்லாம் படு. சனிக்கிழமை காலையில எட்டு மணிக்குள்ள லேப்புக்கு வா, தண்ணி மட்டும் குடிச்சுக்கோ. நானே எடுக்கறேன், உனக்கு வலிக்காம எடுக்கத் தெரியும் எனக்கு. ஃபிளாஸ்க்ல காபி கொண்டு வர்றேன், டியூப் நிரம்பினதும் குடிக்கலாம். மூணு வாரம் கழிச்சு இன்னொரு சனிக்கிழமை. ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு நாம சேர்ந்தே டாக்டர்கிட்ட போவோம்.